தஹாம் கை வைக்காத தட்டு

லீனா கிணறுகளுக்கு மேற்கே, கூடாரத்திலிருந்து
ஹிஜ்ரி 1395, சஃபர் 2

தம்பி தஹாமுக்கு அக்கா ஷாஹா எழுதுவது.

ஸலாம். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நல்லா இருக்கணும். இங்கே எல்லாரும் சுகம். சுகம்னு எழுதிட்டேனே தவிர, அது பாதிதான் நிஜம்.

எதுக்குடா அப்படிப் போனே? உன் மச்சான் உனக்குன்னு கறந்து கொடுத்த பாலை, நுரை அடங்குறதுக்குள்ள எடுத்துட்டு வர்றேன், படுக்கை காலியா இருக்கு. தண்ணி லாரி அயீத்தோட ஏறிப் போயிட்டேன்னு சொல்றாங்க. வேலைக்குக் கூப்பிட்டாங்கன்னு சொன்னியாம். இந்தப் பாலைவனத்துல உன்னை யார் வந்து கூப்பிட்டாங்க, காத்தா?

நேத்து ராத்திரி நடந்தது எனக்கு இன்னும் விளங்கல. மழை பெய்ஞ்சு பூமி பச்சையானதுக்கும், நீ ரெண்டு வருஷம் கழிச்சு வந்ததுக்கும் சேர்த்துத்தான் அந்த விருந்து. போன வருஷம் பிறந்த ஆண் ஒட்டகம், பாலும் பச்சையும் தின்னு வளர்ந்தது, அதை உனக்காக அறுத்தார். நாங்க பெண்கள் காலையிலேர்ந்து கொப்பரைக்கிட்டேயே கிடந்தோம். கறி பஞ்சு மாதிரி வெந்திருந்துச்சு. திமிலைத் தனியா வேக வச்சு வெட்டி, சோத்து மேல உன் பக்கமா அடுக்கினது நான்தான்.

திரைக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். முதல்ல காப்பி வந்துச்சு. கிண்ணத்தை வாங்கி உதட்டுல வச்சே. குடிக்காமத் தரையில வச்சுட்டே. அப்பவே எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் தட்டு வந்துச்சு. உன் கை நீளவே இல்லை. நீ பெரிய விருந்தாளி, நீ கை வைக்காம மத்தவன் எப்படி வைப்பான்? அத்தனை ஆம்பளைங்களும் கையை மடியில வச்சுக்கிட்டு உன்னையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. சோத்து மேல நெய் உறைய ஆரம்பிச்சுது.

விருந்தாளி காப்பியைக் குடிக்காம, சாப்பாட்டுல கை வைக்காம உட்கார்ந்தா அதுக்கு ஒரே அர்த்தம்தான். அவனுக்கு ஏதோ கேக்கணும், கேட்டது கிடைக்காம சாப்பிட மாட்டான். இது குழந்தைக்கும் தெரியும். அதனாலதான் பின்னாடி நின்னுக்கிட்டிருந்த உன் மச்சான் முன்னாடி வந்து, எல்லாரும் கேக்கிற மாதிரிச் சொன்னார்: "தஹாம், கையை வை. நீ கேக்க வந்தது எதுவா இருந்தாலும் கொடுத்தாச்சு. என் மானத்து மேல ஆணை." அதுக்கப்புறம்தான் நீ ஒரு கவளம் எடுத்து வாயில போட்டே. அதோட வாக்கு முடிச்சு விழுந்துடுச்சு.

வாக்கை வாங்கினவன் என்ன வேணும்னு சொல்லிட்டாவது போக வேண்டாமா? என்ன கேக்க வந்தே? உடனே எழுது. அயீத்கிட்டயே கொடுத்து விடு. உன் மச்சானுக்கு எழுத்துத் தெரியாது, அதனால எதுவானாலும் தைரியமா எழுது. அவர் மனுஷங்க மூஞ்சியத்தான் படிப்பார்.

உன் அக்கா
ஷாஹா


ரஃப்ஹா, எண்ணெய்க் குழாய் நிலையம்
சஃபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. சிரிக்கவும் சிரிக்காதே. பல்.

நான் எதையும் கேட்க வரவில்லை. உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். கிளம்பும்போதே இடது பக்கக் கடைவாய்ப் பல் முணுமுணுத்தது. கிராம்பை வைத்து அடக்கிக்கொண்டு லாரியில் ஏறினேன். அந்த லாரி போட்ட குலுக்கலில், உங்கள் கூடாரம் வந்து சேர்வதற்குள் பாதித் தலை என்னுடையதாக இல்லை. காப்பி பட்டதும் மண்டைக்குள் யாரோ ஆணி அடித்தமாதிரி இருந்தது. தட்டு வந்தபோது நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். இதை மெல்லாமல் விழுங்க முடியுமா?

மச்சான் வந்து அந்த வார்த்தையைச் சொன்னதும் எனக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, பல்லுதான் மச்சான்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. அத்தனை பேர் முன்னால், திமிலை எதிரில் வைத்துக்கொண்டு, பல் வலி என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது. சோற்றை எடுத்து முழுங்கினால் விஷயம் அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் என் காதில், "அந்த வெள்ளைக் கறவை ஒட்டகத்தைத்தானே கேக்கப் போறே?" என்றார். விடிவதற்குள் ஓடி வந்ததற்கு அதுதான் காரணம்.

இங்கே நிலையத்துப் பல் வைத்தியர் பிடுங்கிவிட்டார். இப்போது சுகம். மச்சானுக்கு உள்ளதைச் சொல்லி அயீத்திடம் அனுப்பிவிடுகிறேன். சிரித்துவிட்டு மறந்துவிடுவார்.

தம்பி
தஹாம்


கூடாரத்திலிருந்து
சஃபர் 15

தஹாம்,

அயீத்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடாதே. சொல்லியிருந்தா ஓடிப் போய் அவன் வாயைக் கட்டு.

உனக்கு உலகம் தெரியலையா? மானத்து மேல ஆணை வச்சுக் கொடுத்த வாக்குடா. அது ஒரு சொத்தைப் பல்லுக்குக் கொடுத்ததுன்னு வெளியில தெரிஞ்சா, இவர் இனிமே எந்தக் கிணத்தடிக்குத் தண்ணி காட்டப் போனாலும் ஜனங்க கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. என்னைக் கேட்டா அவர் அதைத் தாங்க மாட்டார். நீ ஏதாவது கேட்டே ஆகணும்.

இங்கே ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. வெள்ளைக் கறவைன்னு பாதிப் பேர். எங்க மக அம்ஷாவை உன் மகனுக்குக் கேக்க வந்தேன்னு மீதிப் பேர். உன் மகனுக்கு இன்னும் பால் பல்லே விழலைன்னு சொன்னா, காத்திருக்கட்டுமேங்கிறாங்க.

அவர் நடந்துக்கிறதும் எனக்குப் புரியல. பயந்த மனுஷன் பொருளை ஒளிச்சு வைப்பான். இவர் வெள்ளைக் கறவையைத் தேய்ச்சுக் கழுவி, கூடாரத்து வாசல்லேயே கட்டி வச்சிருக்கார், வந்தா கூட்டிட்டுப் போகட்டும்னு. லாரி சத்தம் கேட்டா எழுந்து நிக்கிறார். "ரஃப்ஹாவிலேர்ந்து ஏதாவது சேதி உண்டா"ன்னு கேக்கிறார். இல்லைன்னா உட்கார்ந்துடுறார். கோபமா இருக்காரான்னு பார்த்தா கோபமும் இல்லை. சாப்பாடு இறங்க மாட்டேங்குது. பால் மட்டும் குடிக்கிறார்.

தம்பி, நான் ஒண்ணு நினைக்கிறேன். எழுத வரல. எழுதி அழிச்சுட்டேன், அந்த அழிச்ச இடம்தான் மேலே கறுப்பா இருக்கு. உனக்கே தெரியும். தெரியாட்டி யோசி.

விருந்தன்னிக்கு மிஞ்சின கறியை உப்புக்கண்டம் போட்டுக் காய வச்சிருந்தேன். அயீத்கிட்ட ஒரு பை கொடுத்திருக்கேன். மறுபக்கப் பல்லால தின்னு.

ஷாஹா


ரஃப்ஹா
சஃபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

அயீத்திடம் எதுவும் சொல்லவில்லை. உப்புக்கண்டம் வந்தது. பிள்ளைகள் பையோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

யோசித்தேன். நீ அழித்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. முதலில், மச்சான் இன்னொரு கல்யாணம் செய்யப்போகிறார் என்று பயப்படுகிறாயோ என்று தோன்றியது. அப்படியென்றால் அதை நான் எப்படிக் கேட்பது? "என் அக்காவைத் தவிர வேறொருத்தி வேண்டாம்" என்று ஓர் ஆண் கூட்டத்தில் எழுந்து சொல்வதா? பிறகு, நீ கூடாரத்தை விட்டு இங்கே ஊருக்கு வந்துவிட நினைக்கிறாயோ என்று பட்டது. என் வீட்டுக்காரியைக் கேட்டேன். அவள், "இதுல யோசிக்க என்ன இருக்கு, வெள்ளைக் கறவையைக் கேளுங்க" என்றாள்.

தொழுகை முடிந்து நடந்து வரும்போதுதான் சட்டென்று பொறி தட்டியது. நீ சொல்ல முடியாமல் அழித்தது ஒரு பெயரா, அக்கா?

அதுவானால் பெரிய சிக்கல். "என் கூடாரத்துக்குள்ள அந்தப் பேரை எவன் சொன்னாலும் அவன் எனக்கு விருந்தாளி இல்லை" என்று மச்சான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சத்தியம் செய்தார். அதுவும் சத்தியம், இதுவும் சத்தியம். நான் அவனைக் கேட்டால், ஏதாவது ஒன்றை அவர் முறித்துத்தான் ஆகவேண்டும். எதை முறிப்பார்? என்னை வெளியே போகச் சொல்லிவிட்டால் உன் வாசலுக்கு நான் மறுபடி எப்படி வருவேன்?

பள்ளிவாசல் இமாமிடம் யாருடைய கதையோபோலக் கேட்டுப் பார்த்தேன். நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கும் சத்தியத்தை முறிக்கலாம், ஏழைகள் பத்துப் பேருக்குச் சாப்பாடு போட்டால் அதற்குப் பரிகாரம் ஆகிவிடும் என்றார். மார்க்கத்தில் வழி இருக்கிறது. மச்சானிடம் இருக்கிறதா என்பதுதான் தெரியவில்லை.

நான் நினைத்தது சரியா என்று மட்டும் எழுது.

தஹாம்


கூடாரத்திலிருந்து
ரபீஉல் அவ்வல் 1

தஹாம்,

சரிதான். கலஃப்தான். என் பிள்ளை பேரை முழுசா எழுதி ரெண்டு வருஷம் ஆச்சு. கை மறந்திருக்குமோன்னு பயந்தேன். மறக்கல.

அவன் என்ன திருடினானா, கொன்னானா? அந்த வறட்சி வருஷம், சாலையோரம் ஒரு லாரி நின்னு போச்சு. டிரைவருங்களுக்கு ஒரு குடுவை பால் கொண்டுபோய்க் கொடுத்தான். குடிச்சுட்டு அவங்க காசை நீட்டினாங்க. வாங்கிட்டான். மறுநாளும் போனான். அவன் தாத்தா அவனுக்குன்னு விட்டுட்டுப் போன ஒட்டகங்களோட பால்தான், யார்கிட்டேயும் பிடுங்கினது இல்லை. ஆனா நம்ம ஜனத்துல கறியை விக்கலாம், கம்பளியை விக்கலாம், ஒட்டகத்தையே விக்கலாம், பாலை விக்கக் கூடாது. பால் வந்தவனுக்கு ஊத்துறது. எனக்குத் தெரியாதா அது?

சந்தையில எவனோ இவரைப் பார்த்து, "வாங்க, பால்காரனோட அப்பா"ன்னு கூப்பிட்டிருக்கான். அன்னிக்கு வந்து அவனைப் போகச் சொல்லிட்டுப் பண்ணின சத்தியம்தான் அது. அதுவரைக்கும் ஊரே இவரைக் கலஃப் அப்பான்னுதான் கூப்பிடும். தலைப்பிள்ளை பேரைச் சொல்லித்தானே கூப்பிடுவோம். அதுக்கப்புறம் எல்லாருக்கும் வெறும் ஹவ்வாஸ் ஆயிட்டார். நானும் "இந்தாங்க"ன்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கேன்.

உன் மேலயும் எனக்குக் கோபம் உண்டு. இன்னிக்கு எழுதிடுறேன். அவன் கடை போட்டிருக்கிறது ரஃப்ஹா சாலையில. உன் வீட்டுலேர்ந்து லாரியில ஏறினா காப்பி ஆறுறதுக்குள்ள போயிடலாம். ஒரு தடவை போய்ப் பார்த்தியா? மச்சானுக்குப் பயந்து மருமகனை விட்டுட்டே. அவன் இளைச்சிருக்கானா, பருத்திருக்கானான்னு அயீத்தைக் கேட்டுத்தான் நான் தெரிஞ்சுக்கிறேன். அயீத்துக்கு எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க.

பேரைத்தானே சொல்லக் கூடாதுன்னு சத்தியம்? பேரைச் சொல்லாம கேளு. ஆனா முதல்ல அவனைப் போய்ப் பாரு.

ஷாஹா


ரஃப்ஹா
ரபீஉல் அவ்வல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீ திட்டியது நியாயம். வெள்ளிக்கிழமை போனேன்.

தகரக் கொட்டகை. முன்னால் பழைய டயர்களைப் போட்டு உட்கார இடம். பின்னால் ஒட்டகங்கள், கன்றுகளோடு. மடியெல்லாம் நிறைந்திருக்கிறது, இந்த வருஷம் மேய்ச்சல் அப்படி. அவன் இளைக்கவில்லை, அக்கா. தாடி வந்துவிட்டது. ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை மடக்கி, முட்டி மேல் கிண்ணத்தை வைத்துக் கறந்துகொண்டிருந்தான். ஒரு நொடி மச்சான்தான் நிற்கிறார் என்று நினைத்து நான் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

கிண்ணம் வழிய நுரையோடு கொண்டுவந்து கொடுத்தான். நான் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், பல் உட்பட. சிரித்துச் சிரித்து டயரிலிருந்து சரிந்துவிட்டான்.

அப்புறம் சிரிப்பு நின்றது. "மாமா, உங்க பல்லு வலிச்சதுக்கு நான் வீட்டுக்குத் திரும்பணுமா?" என்றான்.

காரணம் எதுவாக இருந்தால் என்ன, அம்மாவை நினைத்துப் பார் என்றேன்.

"அம்மாவை நினைக்காத நாள் இல்லை. ஆனா நான் ஓடிப் போகல, அவர்தான் போகச் சொன்னார். நீங்க கேட்டு, அவர் கொடுத்தா, நான் யாரு? விருந்துல கொடுத்த பொருள். அந்த வெள்ளைக் கறவை மாதிரி என்னையும் கழுவிக் கட்டி வைப்பாரா? அவருக்கு நான் வேணும்னா அவர் வாயால கூப்பிடட்டும்."

கூப்பிட்டால் இந்த வியாபாரத்தை விடுவாயா என்று கேட்டேன். அதற்கு அவன் சாலையைக் காட்டினான். "இந்தச் சாலையில ராத்திரி பகலா வண்டி ஓட்டுறவன் வெறும் ரொட்டியோட போறான் மாமா. இவங்களுக்கு யாரு பால் கொடுப்பா? சும்மா கொடுத்தா எத்தனை நாளைக்கு நான் கொடுப்பேன்?" அவன் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. மச்சான் சொல்வதும் சரி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இப்போது பார். நான் கேட்டு, மச்சான் சம்மதித்து, பையன் வரமாட்டேன் என்றால் அவர் தலைகுனிவு இரண்டு மடங்கு. கேட்காவிட்டால் நீ என்னை மன்னிக்க மாட்டாய். ஒன்றும் புரியாமல்தான் முடிவு செய்தேன். அடுத்த வியாழக்கிழமை அயீத் லாரியில் வருகிறேன். மச்சானிடம் சொல், எதையும் அறுக்க வேண்டாம்.

தஹாம்


ரஃப்ஹா
ரபீஉல் அவ்வல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்கள் பக்கம் என்ன பேசினோம் என்று நீ கேட்டதாக அயீத் சொன்னான். திரைக்குப் பின்னால் நீ இல்லையா? அழுகை வந்து வெளியே போய்விட்டாய் என்றான் அவன். சரி, எழுதுகிறேன்.

அறுக்க வேண்டாம் என்று சொல்லியும் இன்னோர் இளம் ஒட்டகத்தை அறுத்துவிட்டார் என்பது உனக்கே தெரியும். போன தடவை வந்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். இந்தத் தடவை வெளியூர்க்காரர்களும். எல்லாரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். காப்பி வந்தது. நல்ல காப்பி, குடிக்க ஆசையாக இருந்தது. இந்த முறை வேண்டுமென்றே கீழே வைத்தேன். தட்டு வந்தது, கை நீட்டவில்லை.

மச்சான் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். விருந்து கொடுப்பவர் உட்கார்ந்ததை நான் பார்த்ததே இல்லை.

"சொல்லு தஹாம்" என்றார்.

நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்தது மறந்துவிட்டது. "மச்சான், உங்க மந்தையிலேர்ந்து ஒண்ணு வழி தவறிப் போச்சு. அது உங்க வாசலுக்குத் திரும்ப வந்தா, அதை நீங்க விரட்டக் கூடாது. அதுதான் நான் கேக்கிறது" என்றேன்.

யாரோ ஒருவர், எந்த ஒட்டகம் என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்டார். அவர் விலாவில் இடித்தார்.

மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. கடைசியில், "இதைக் கேக்க உனக்கு இத்தனை நாளா?" என்றார். எழுந்தார். தட்டில் ஈரலும் திமிலும் இருந்த பக்கத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். கூடாரத்தை விட்டு வெளியே போய்விட்டார். திரும்பி வரவில்லை.

கொடுத்தேன் என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கறி நன்றாக இருந்தது, அக்கா. எல்லாரும் தலையைக் குனிந்து சாப்பிட்டோம். ஆனால் அது நடந்த காரியத்துக்குச் சாப்பிட்டதா, நடக்காத காரியத்துக்குச் சாப்பிட்டதா என்று யாருக்கும் தெரியவில்லை. நான் கெடுத்துவிட்டேனா? எழுது.

தஹாம்


கூடாரத்திலிருந்து
ரபீஉல் ஆகிர் 4

தஹாம்,

நீ எதையும் கெடுக்கல. ஆனா நடந்ததைக் கேட்டா உனக்குத் தலை சுத்தும். எனக்குச் சுத்தி நின்னதுக்கப்புறம்தான் எழுதுறேன்.

நீ போன மறுநாள் சாயங்காலம், கறந்த பாலை என்கிட்டே கொடுக்க வந்தார். என்னால அடக்க முடியல. என்ன ஆனாலும் ஆகட்டும்னு சொல்லிட்டேன்: "அன்னிக்கு அவன் எதையும் கேக்க வரலை. அவனுக்குப் பல்லு வலி."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கல. "தெரியும்"னார்.

"எப்போ தெரியும்?"

"லாரியை விட்டு இறங்கினப்பவே. தலைத்துணியை இழுத்து மூடியிருந்தும், ஒரு பக்கக் கன்னம் ரொட்டி மாதிரி உப்பியிருந்துச்சு. காப்பி பட்டதும் அவன் கண்ணுல தண்ணி வந்துச்சு. எனக்குக் கண் இல்லையா?"

அப்புறம் எதுக்கு அத்தனை பேர் முன்னாடி அப்படி ஒரு வாக்கு கொடுத்தீங்கன்னு கேட்டேன். ஒட்டகத்துக் கழுத்தைத் தடவிக்கிட்டே சொன்னார்: "எனக்கு வேற வழி தெரியல ஷாஹா. யாராவது கேட்டாத்தானே நான் கொடுக்க முடியும்? இவன் அவனோட மாமன், இவன் கேப்பான்னு நினைச்சேன். வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்துட்டு, விடியறதுக்குள்ள ஓடிட்டான்."

ரெண்டு வருஷமா ஒரே போர்வையில இருக்கேன், தம்பி. அந்தப் பேரைக் கேட்டா அவர் கொதிப்பார்னு நான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். யாராவது அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்களான்னு அவர் காத்துக்கிட்டு இருந்திருக்கார். இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்லி அழ?

கலஃப் சொன்னதையும் சொன்னேன், அவர் வாயால கூப்பிடணுமாம்னு. "ம்"னார். அந்த வாரமே ஏழைங்களைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார், முறிச்ச சத்தியத்துக்கு. அப்புறம் ஒருநாள் காலையில, வாற்கோதுமை வாங்கப் போறேன்னு அயீத் லாரியில ஏறினார். சாயங்காலம் வந்தார். வாற்கோதுமை இல்லை. கூட இன்னொருத்தன் இறங்கினான். நான் உலை மேல வச்ச பானையை அப்படியே போட்டுட்டு ஓடினேன்.

அங்கே என்ன நடந்துச்சுன்னு ரெண்டு பேரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. அயீத்தான் சொன்னான். இவர் போய் டயர் மேல உட்கார்ந்திருக்கார். அவன் பாலைக் கொண்டுவந்து நீட்டியிருக்கான். முழுக்கக் குடிச்சுட்டு, "உன் அம்மா தேடுறா"ன்னாராம். அவன் அசையாம நின்னிருக்கான். இவர் மீசையிலேர்ந்து நுரையைத் துடைச்சுக்கிட்டு, "நானும்தான்"னாராம். அவ்வளவுதான் பேச்சு.

நாலு நாள் இருந்தான். அம்ஷா அவனை விட்டு நகரல. கிணத்தடியில ஜனங்க பழையபடி கலஃப் அப்பான்னு கூப்பிடறாங்க. நானும் கூப்பிட்டுப் பார்த்தேன், வாயெல்லாம் இனிக்குது.

ஆனா அஞ்சாம் நாள் அவன் கடைக்குத் திரும்பிப் போயிட்டான். இவர் போகாதேன்னு சொல்லல. நானும் வர்றேன்னு லாரியில ஏறி உட்கார்ந்துக்கிட்டார். அன்னிலேர்ந்து வாரத்துல பாதி நாள் அங்கேதான். அங்கே உட்கார்ந்து என்ன பண்றார்? மன்னிச்சுட்டாரா, இன்னும் தடுக்கப் பார்க்கிறாரா? கேட்டா, "மேய்ச்சல் நல்லா இருக்கு"ங்கிறார். நீ போய்ப் பார்த்து எழுது.

ஷாஹா


ரஃப்ஹா
ரபீஉல் ஆகிர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நான் போவதற்கு முன்னால் கலஃபே என் வீட்டுக்கு வந்துவிட்டான், புகாரோடு. "மாமா, நீங்க கேட்டீங்க, அவர் கொடுத்தார், எல்லாம் சரி. இப்போ அவரைக் கொஞ்சம் வீட்டுல இருக்கச் சொல்லுங்க. என் பொழைப்பு போச்சு" என்றான். வண்டி வந்து நின்றால் மச்சான் முந்திக்கொண்டு எழுந்து போய்க் கையைப் பிடித்து இறக்குகிறாராம். தன் கையால் கறந்து, தன் கையால் கொடுக்கிறாராம். காசை எடுத்தால், "என்னை அவமானப்படுத்தாதீங்க, நீங்க என் விருந்தாளி" என்று டிரைவரின் சட்டைப்பைக்குள்ளேயே திணித்துவிடுகிறாராம். சாலை முழுக்கச் செய்தி பரவி, இப்போது முன்னைவிட அதிக லாரிகள் நிற்கின்றனவாம்.

அவனோடு போய்ப் பார்த்தேன். மச்சான் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு துருக்கி டிரைவர் வந்து நின்றார். கலஃப் சொன்னதெல்லாம் என் கண்ணெதிரே நடந்தது. கறந்தார், கொடுத்தார், இன்னும் ஒரு கிண்ணம் குடித்தால்தான் விடுவேன் என்று சண்டை பிடித்தார். அந்த மனிதர் நெஞ்சில் கை வைத்து நன்றி சொல்லிவிட்டு எழுந்தார்.

வண்டிக்கு நேரே போகவில்லை. கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். கை கழுவப் போகிறார் என்று நினைத்தேன். தண்ணீர்ப் பீப்பாய் அங்கேதான் இருக்கிறது. கலஃபும் அங்கேதான் கன்றுகளைக் கட்டிக்கொண்டு நின்றான். டிரைவர் பீப்பாய் மேல் எதையோ வைத்தார், கலஃப் தலையை ஆட்டினான், அவர் வண்டியில் ஏறிப் போனார். அடுத்து வந்தவரும் அப்படியே செய்தார். அதற்கடுத்தவரும். யார் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, அந்தச் சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. கலஃபிடம், பொழைப்பு போச்சு என்றாயே என்று கேட்டேன். "நேத்து வரைக்கும் ஒருத்தர் ரெண்டு பேர்தான் இப்படி வச்சாங்க மாமா, இன்னிக்கு எல்லாரும் வைக்கிறாங்க, எனக்கே ஒண்ணும் புரியல" என்றான்.

மச்சானுக்கு இது தெரியுமா? நீ கேட்பாய் என்று அன்று பொழுது சாயும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ வண்டிகள் வந்து போயின. ஒவ்வொரு விருந்தாளியையும் எழுந்து நின்று வழியனுப்புகிறார். அவர்கள் கொட்டகையைச் சுற்றிப் போகத் தொடங்கியதும் சாலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்கிறார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை, அக்கா.

தம்பி
தஹாம்